பிறப்பும் வளர்ப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

'நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை' என்று கூறும் நம் மக்களே 'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்றும் கூறுவர். முன்னது பிறப்பின் பக்கம் பேசுகிறது. பின்னது வளர்ப்பின் பக்கம் பேசுகிறது. இரண்டையும் ஒரே பாட்டி ஒரே திண்ணையில் அமர்ந்து சொல்லக் கேட்டிருக்கிறோம். பாட்டிக்கு இதில் முரண்பாடு எதுவும் தோன்றியதில்லை. ஆனால், கற்றறிந்தோர் மன்றங்களில் இது நூறாண்டுகளுக்கும் மேலாகப் பெருவழக்காக நடந்து வந்துள்ளது. அவ்வழக்கில் பிறப்பின் பக்கம் வாதாடியவர்கள் பல நேரங்களில் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களையே சான்றுப் பொருளாகக் காட்டினர். ஆகவே, அவ்வழக்கின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் சங்கத்தின் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுள் சிலர், 'உங்கள் பரம்பரைக்கே கணக்கு ஏறாது' என்று தமக்குச் சொல்லப்பட்டதாகக் கூறியதுண்டு. சொன்னவர் யார் என்பது நமக்கு வேண்டா. அச்சொல் எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, இன்றைய அறிவியல் அதனை எங்கே கொண்டு நிறுத்தியிருக்கிறது என்பனவே நம் கேள்விகள். விடை தேட வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. அடிவாரத்தில் நின்று கொல்லிமலையை நிமிர்ந்து நோக்கினாலே கதையின் ஒரு பாதி கிடைத்துவிடும்.

மலையும் மூக்களவையும்

வல்வில் ஓரியின் மலை என்று சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிமலை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாக ஊர்கள் அமைந்துள்ளன. அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தவர் என்று மயங்க வேண்டா. மலையில் வாழ்வோர் என்பதே அப்பெயரின் பொருள், அவர்கள் பேசுவதும் தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அம்மூவரும் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. அது நடந்த வரலாறோ அன்றோ, அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தம்மைத் தனிப் பிறவி என்று அக்கதை சொல்லவில்லை. ஒரு வயிற்றில் பிறந்தோர் வேறுவேறு நிலங்களில் வாழ்ந்து வேறுபட்டனர் என்று சொல்லுகிறது.

ஆங்கிலேய ஆட்சியின் அறிஞர்கள் வேறு கதையை எழுதினர். எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். அளவுக் கருவிகளுடன் தென்னாட்டு மக்களின் தலைகளையும் மூக்குகளையும் அளந்தார். 1909இல் ரங்காச்சாரியின் துணையுடன் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் நம் சாதிகளும் மலைமக்களும் அகரவரிசையில் இடம்பெற்றுள்ளனர். வடக்கே வங்காளத்தில் ரிஸ்லி என்னும் அதிகாரி அவருக்கு முன்பே இவ்வேலையைத் தொடங்கி, மூக்கு அகல அகலச் சமூக நிலை தாழும் என்று 1891இல் கோட்பாடே வகுத்துவிட்டார். சாதி ஏணியின் படிகளை மூக்கின் அளவில் கண்ட பெருமை அவரையே சாரும்!

இதற்கு ஊற்றுக்கண் இங்கிலாந்தில் இருந்தது. பிறப்பையும் வளர்ப்பையும் இரு எதிர்க்கட்சிகளாக நிறுத்தியவர் பிரான்சிஸ் கால்டன். நல்ல குலங்கள் பெருக வேண்டும், தாழ்ந்தவை குறைய வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் அவரே. அக்கொள்கை எங்கே போய் முடிந்தது என்பதை உலகம் கண்டது. 1933இல் ஜெர்மனியில் நாசிகள் சட்டம் இயற்றி, ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தனர். நம் நாட்டிலோ, 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிக்கப்பட்டது. தாய் வயிற்றிலிருந்தே குற்றவாளி என்று குழந்தைகளைப் பதிவேட்டில் ஏற்றிய அச்சட்டம் நாடெங்கும் நீங்க 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அண்ணல் அம்பேத்கர் இக்கோட்பாட்டை எதிர்கொண்ட முறை நம் இளைஞர்கள் ஊன்றிக் கற்கத் தக்கது. அவர் வெறுமனே சினங்கொள்ளவில்லை. தீண்டத்தகாதவர் யார் என்பது குறித்து 1948இல் எழுதிய நூலில், மூக்களவைப் புள்ளிவிவரங்களையே கையில் எடுத்துக்கொண்டு, ஒரே மாநிலத்துப் பிராமணரின் அளவுகளையும் தீண்டத்தகாதவர் எனப்பட்டோரின் அளவுகளையும் அருகருகே வைத்துக் காட்டி, தீண்டாமைக்கு இனவேறுபாடு அடிப்படையன்று என்று நிறுவினார். எதிரியின் அளவுகோலாலேயே எதிரியை அளந்தார் எனலாம்.

ஒரு செடி, மூன்று உயரங்கள்

பிறப்பா வளர்ப்பா என்ற கேள்வியே பிழையாக அமைந்த கேள்வி என்பதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவை செடிகள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி என்னும் மூவர் அக்கில்லியா என்ற காட்டுச் செடியை எடுத்துக்கொண்டனர். ஒரே செடியைத் துண்டுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டும் அதே மரபணுக்களைக் கொண்ட தனிச் செடியாக வளரும். அத்துண்டுகளுள் ஒன்றைக் கடல் மட்டத்தை ஒட்டிய நிலத்திலும், ஒன்றை 1,400 மீட்டர் உயரத்திலும், ஒன்றை 3,050 மீட்டர் உயரத்திலும் நட்டனர். இவ்வாறே பல செடிகளை நட்டு ஒப்பிட்டு, 1948இல் முடிவை வெளியிட்டனர். கீழே நெடிதோங்கிய செடி மேலே குட்டையாயிற்று. கீழே பின்தங்கிய வேறொன்று மேலே முன்னே நின்றது. இவற்றுள் எது உயர்ந்த இனம் என்று கேட்டால், எந்த நிலத்தில் என்று திருப்பிக் கேட்டாலொழிய விடை கூற இயலாது.

கொல்லிமலை உழவருக்கு இது புதிதன்று. சாமையில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை, பெருஞ்சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை. கேழ்வரகில் சுருட்டை, சட்டை, சுண்டங்கி, கரகேழ்வரகு என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பல விதைகளைக் காத்து வந்தது, ஒரே விதை எல்லா நிலத்திற்கும் எல்லாப் பருவத்திற்கும் ஒத்துவராது என்பதை அறிந்ததனால்தான். விதையை மட்டும் வைத்து விளைச்சலைச் சொல்ல முடியாது. நிலத்தை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது. இரண்டும் கூடும் இடத்தில்தான் கதிர் பிறக்கிறது.

கணக்கு ஏறாது என்ற பேச்சுக்கும் இங்கே விடையுண்டு. புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்கார எலிகளையும் மந்தமான எலிகளையும் தனித்தனியே பல தலைமுறை இனப்பெருக்கம் செய்து இரு வகையாகப் பிரித்திருந்தனர். 1958இல் கனடாவில் கூப்பர், சூபெக் என்னும் இருவர் அவற்றின் குட்டிகளை வேறுவேறு சூழலில் வளர்த்தனர். வழக்கமான கூண்டில் வளர்ந்தபோது வேறுபாடு நன்கு தெரிந்தது. விளையாட்டுப் பொருள்களும் வண்ணங்களும் நிறைந்த கூண்டில் வளர்ந்தபோது, மந்த எலிகள் கெட்டிக்கார எலிகளை ஏறத்தாழ எட்டிப் பிடித்தன. ஒன்றுமில்லாத வெறுங்கூண்டில் வளர்ந்தபோது, கெட்டிக்கார எலிகளும் மந்த எலிகளைப் போலவே தடுமாறின. மனிதர் எலிகள் அல்லர் என்பது உண்மைதான். ஆயினும், வெறுங்கூண்டில் அடைத்து வைத்துவிட்டுப் பரம்பரையைக் குறை சொல்வோர் இந்த எலிகளுக்கேனும் விடை சொல்லட்டும்.

அரிவாள் அணு சொல்லும் கதை

இனி, நம் மலைகளிலேயே நடந்த ஒரு வரலாற்றுக்கு வருவோம். கொல்லிமலை முற்காலத்தில் காய்ச்சல் மலை என்று பெயர் பெற்றிருந்தது. சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அமைத்துக் குடியேறிய வெள்ளையர், கொல்லிமலையில் அத்தகைய நகரம் எதனையும் எழுப்பவில்லை. மலேரியா அக்காலத்தில் நம் மலைக்காடுகள் பலவற்றின் காவல் தெய்வம் போல் இருந்தது. வெளியாரை அண்டவிடாது, உள்ளே இருப்போரையும் விடாது. நீலகிரிக் காடுகளும் வயநாட்டுக் காடுகளும் அவ்வாறே இருந்தன.

அந்த நீலகிரியில் 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் பழங்குடி மக்களின் குருதியைச் சோதித்தபோது, அரிவாள் வடிவச் சிவப்பணுக்களைக் கண்டனர். அதுவரை இது ஆப்பிரிக்க மக்களின் நோய் என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது. 1910இல் அமெரிக்காவில் ஹெரிக் என்னும் மருத்துவர் முதன்முதல் எழுதியதும் ஒரு கறுப்பின மாணவரின் குருதியைப் பற்றித்தான். குருதியைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடலாம் என்று எண்ணியோருக்கு நீலகிரி பெரும் வியப்பைத் தந்தது. பின்னர்க் கிரீசிலும் அரேபியாவிலும் இதே அணு இருப்பது தெளிவாயிற்று.

இவ்வளவு தொலைவான நாடுகளை இணைத்தது எது? 1954இல் ஆலிசன் என்பவர் கிழக்காப்பிரிக்காவில் ஆராய்ந்து விடை கூறினார்: மலேரியா. ஒவ்வொருவருக்கும் ஒரு மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு படிகளில் வருகிறது. இவ்விரண்டில் ஒன்று மட்டும் அரிவாள் படியாக இருந்தால், அவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். அதுமட்டுமன்றி, கடும் மலேரியாவிலிருந்து பெரிதும் தப்பிப் பிழைப்பார். இரண்டும் அரிவாள் படியாக அமைந்தால் துன்பம் தொடங்குகிறது. சிவப்பணுக்கள் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். எலும்பிலும் மூட்டிலும் தாங்கொணா வலி வரும். குருதிச் சோகை நீங்காது.

ஆகவே, இம்மரபணு நல்லதா கெட்டதா? மலேரியாக் காட்டில் அது கவசம். கொசு ஒழிந்த ஊரில் அக்கவசத்தின் பாரம் மட்டுமே எஞ்சும். எந்த மக்களின் தாழ்வையும் உயர்வையும் அது காட்டவில்லை. அம்மக்களின் முன்னோர் எங்கே வாழ்ந்தனர், எக்காய்ச்சலோடு போராடினர் என்பதைக் காட்டுகிறது. நடு இந்தியாவில், குறிப்பாக விதர்ப்பாவில், பழங்குடியினரிடம் மட்டுமன்றிப் பட்டியல் சாதியினரிடமும் இது காணப்படுகிறது. ஆதலின், இது மலைமக்கள் சங்கதி என்று நாம் ஒதுங்கியிருத்தல் இயலாது.

இரு அரிவாள் படிகளுடன் பிறந்த குழந்தையின் வாழ்வும் முன்பே எழுதி முடிக்கப்பட்டதன்று. உடலில் நீர் குறைந்தாலும், குளிர் தாக்கினாலும், தொற்று நோய் வந்தாலும் வலி கிளம்பும். கம்பளியும் குடிநீரும் கூட இங்கே மருந்தே. இந்நோயுள்ள குழந்தைகளுக்கு நாள்தோறும் பென்சிலின் கொடுத்தால் உயிர்கொல்லும் தொற்று 84 விழுக்காடு குறையும் என்று 1986இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. பின்னர் ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து வலியின் வேகத்தைத் தணித்தது. கூடலூரில் 1990இல் தோன்றிய அஸ்வினி என்னும் அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடி மக்களையே செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றி, வீடு தேடிச் சென்று இந்நோயாளரைக் கண்டறிந்து பேணி வருகிறது. ஒரே மரபணு; மருத்துவமனை எட்டும் ஊரில் ஒரு வாழ்வு, எட்டாத ஊரில் வேறொரு வாழ்வு. 2023 ஜூலையில் மத்திய அரசு, 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரின் குருதியைச் சோதிக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. மணம் பேசுமுன் சோதித்துக்கொள்வதில் வெட்கத்திற்கு இடமில்லை. கணவன் மனைவி இருவரும் ஒற்றைப் படி உடையவராயின், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு நோய் வருவதற்கு உண்டு.

மணம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் 1916இலேயே, தம் 25ஆம் வயதில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் எடுத்துரைத்தார். ஐதராபாத்து ஆராய்ச்சியாளர்களும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் கூடி 2013இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, இன்றைக்கு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்து மணந்தனர் என்றும், அதன்பின் கதவுகள் சாத்தப்பட்டன என்றும் காட்டுகிறது. கலப்பில்லாத குருதி எவரிடமும் இல்லை. சாத்திய கதவுக்குள் என்ன நேர்ந்தது? ஆந்திரப் பகுதியின் வணிகச் சமூகம் ஒன்றில், குருதியிலுள்ள ஒரு நொதி குறைவாகச் சுரக்கும் மரபணு பெருகிவிட்டது. அன்றாட வாழ்வில் அதனால் ஒரு தீங்கும் இல்லை. அறுவை மேசையில் தசை தளர்த்தும் ஒரு மருந்தைச் செலுத்தும்போதுதான் அது வெளிப்படும். சில நிமிடங்களில் தெளிய வேண்டியவர் மணிக்கணக்கில் மூச்சுவிட இயலாமல் கருவியின் துணையில் கிடப்பார். குலத்தூய்மை காத்ததன் பயன் இது. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்கும் நம் குடும்பங்களும் இதனைக் கருதிப் பார்த்தல் நலம்.

சாமை போய் மரவள்ளி வந்தது

மீண்டும் கொல்லிமலைக்கு வருவோம். 1970களுக்குப் பின், சேலம் நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவைக்காக மலையில் மரவள்ளி பரவியது. கைக்குக் காசு வந்தது. அதனைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் சாமையும் தினையும் விளைந்த காடுகள் சுருங்கின. உரலில் சாமை குத்திக் கை நொந்த பெண்கள், நியாயவிலைக் கடை அரிசியை விரும்பியதிலும் வியப்பில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் மலையில் விதை வங்கிகளை அமைக்கவும், உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொணரவும் முற்பட்டதன் காரணம் இதுவே.

உணவு மாறும்போது உடலில் நிகழ்வதை நாடெங்கும் காண்கிறோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று கணக்கிட்டது. நீரிழிவு பணக்காரர் நோய் என்ற பேச்சு பழங்கதையாயிற்று. புனே அருகே ஆறு ஊர்களில் 1993இல் தொடங்கிய ஆய்வில், மருத்துவர் யாஜ்னிக்கும் அவர்தம் குழுவினரும் ஒரு புதுமையைக் கண்டனர். அவ்வூர்க் குழந்தைகள் பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ எடை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தைகளின் தசை குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. மெலிந்த தாயின் வயிற்றில் பசிக்குப் பழகிப் பிறந்த உடல், பின்னாளில் நிறைய அரிசியும் சர்க்கரையும் குறைந்த உழைப்பும் வாய்க்கும்போது நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கிறது.

ஆலந்து நாட்டில் 1944-45 பனிக்காலத்தில் ஜெர்மானியப் படை உணவைத் தடுத்தபோது கருவிலிருந்த குழந்தைகளின் நிலையும் இதனையே உரைக்கிறது. நடுவயதில் அவர்களுடைய உடல் சர்க்கரையைக் கையாளத் தடுமாறியது. 2008இல் வந்த ஆய்வு, அறுபதாண்டுகளுக்குப் பின்னும் அவர்களின் வளர்ச்சி மரபணு ஒன்றின் மேல் அப்பசியின் வேதிக் குறிகள் நீங்காதிருந்ததைக் காட்டியது. மரபணுவின் எழுத்து மாறவில்லை; அதனைப் படிக்கும் முறை மாறியிருந்தது. தாது வருடப் பஞ்சத்தைப் பாட்டன்மார் வாய்மொழியாய்க் கேட்ட நமக்கு, ஒரு பஞ்சம் பஞ்சத்தோடு முடிவதில்லை என்பதைச் சொல்ல ஆலந்து வர வேண்டியிருந்தது!

ஓர் வளைகோடு

குட்டையான இனம் என்ற சொல்லும் நம்மை விட்டபாடில்லை. நெடிய பெற்றோருக்கு நெடிய பிள்ளை பிறப்பது மெய். உயரத்தில் மரபணுவின் பங்கு பெரிது. இதனை வைத்து, குள்ளமான சமூகம் பிறவியிலேயே குள்ளம் என்று தாவிவிடுவர். அமெரிக்க அறிஞர் லெவாண்டின் இத்தாவலை ஓர் உவமையால் தடுத்தார். ஒரே பையிலிருந்து இரு கைப்பிடி விதை எடுத்து, ஒன்றை நல்ல மண்ணிலும் மற்றதைச் சத்தற்ற மண்ணிலும் தூவினால், ஒவ்வொரு பாத்திக்குள்ளும் காணும் வேறுபாடு விதையால் வந்தது. பாத்திக்கும் பாத்திக்கும் உள்ள வேறுபாடோ மண்ணால் வந்தது.

உலக நல நிறுவனம் இதனை மனிதக் குழந்தைகளிடமே சோதித்தது எனலாம். 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் தூய்மையும் நல்லுணவும் மருத்துவமும் குறைவறப் பெற்ற குழந்தைகளை அளந்தனர். இந்தியாவில் தெற்கு தில்லியின் வசதியான குடும்பங்களைத் தேர்ந்தனர். அளவுகள் 2006இல் வெளியாயின. குழந்தைகளின் நீளத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 70 விழுக்காடு ஒரே ஊர்க் குழந்தைகளுக்குள் தனியாளுக்குத் தனியாள் உள்ளது. நாட்டுக்கு நாடு உள்ளது 3 விழுக்காடே. வயிறு நிரம்பிய இடத்தில் தர்ஸ்டனின் பட்டியல்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

அந்த நல்ல மண்ணை நம் பிள்ளைகளுக்கு ஆக்கித்தர இம்மாநிலம் செய்தவை பல. 1920இல் நீதிக்கட்சியினர் நடத்திய சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவளித்தது. 1956இல் காமராசர் பகலுணவைத் தொடங்கினார். 1982 ஜூலையில் எம். ஜி. ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மலையூர்ப் பள்ளிகளையும் சேர்த்து 1,545 தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கி, மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிற்கும் பரவியது. அதில் அவ்வப்பகுதியில் விளையும் சிறுதானியங்களைச் சேர்க்கவும் இடமுண்டு. கொல்லிமலைப் பிள்ளையின் தட்டில் கொல்லிமலைச் சாமை விழ வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

அவ்வுலக நல நிறுவன அளவுகளையே 2008 முதல் நம் அங்கன்வாடிகள் கைக்கொண்டுள்ளன. செம்மேட்டிலோ சேந்தமங்கலத்திலோ ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கி வந்து தராசில் இடும்போது, பணியாளர் அட்டையில் ஒரு புள்ளி வைக்கிறார். அப்புள்ளியை ஒப்பிட அங்கே வரைந்துள்ள வளைகோடு, ஓஸ்லோவிலும் அக்ராவிலும் தில்லியிலும் வளர்ந்த குழந்தைகளை அளந்து வரைந்த ஒரே வளைகோடு.